பெட்டியைப் பிரித்தபோது கிடைத்த வரலாறு

வரலாறு என்றதும் நாம் கோட்டையையும் கல்வெட்டையும் தேடிப் போகிறோம். அவற்றில் அரசனின் பெயர் இருக்கும், போரின் ஆண்டு இருக்கும். ஆனால் நம் பாட்டன்மாரும் அப்பன்மாரும் உழைத்த தோட்டங்களுக்குக் கல்வெட்டு ஏது? அவர்கள் கைபட்ட பொருள்கள்தாம் மிச்சம். அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அது பழைய லேண்ட் ரோவர் வண்டியின் டிரான்ஸ்பர் பெட்டி. ஆறு வார இறுதி நாள்களில் ஒவ்வொரு திருகாகக் கழற்றி அதைப் பிரித்தேன். உள்ளே பல்சக்கரம் மட்டும் இருக்கும் என்று நினைத்தேன். வேறொன்றும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

துரை வண்டி

என் தந்தையார் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டிய லேண்ட் ரோவரை லயத்துப் பிள்ளைகள் நாங்கள் "துரை வண்டி" என்போம். அதில் ஏற எங்களுக்கு அனுமதி கிடையாது. சக்கரத்தில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவும் வேலை மட்டும் கிடைக்கும்.

ஒருநாள் நல்ல மழை. பக்கத்து லயத்தில் ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. அன்று துரை ஊரில் இல்லை. பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டு அப்பா வண்டியை எடுத்தார். விளக்குப் பிடிக்க என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆற்றங்கரைச் சரிவில் வண்டி நகராமல் பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். சிவப்புக் குமிழ் வைத்த கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். எஞ்சின் உறுமிற்று. மாடு இழுப்பதைப்போல, மெதுவாக, ஆனால் நில்லாமல் வண்டி மேடேறியது. குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது.

அந்தச் சிவப்புக் குமிழுக்குக் கீழே என்ன நடந்தது என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் என் மனத்தில் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய இரும்புக் கடை ஒன்றில் 1959-ஆம் ஆண்டின் சீரிஸ் டூ லேண்ட் ரோவர் ஒன்று கண்ணில் பட்டது. அப்பா ஓட்டிய வண்டி அல்ல, அதே வகை. கதவில் அழிந்தும் அழியாமலும் ஏதோ ஒரு தோட்டத்தின் எண். விலை பேசி வாங்கிவிட்டேன். வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பது இந்த உரைக்கு வேண்டாதது!

நான்கு சக்கரமும் இழுத்தால்?

முதலில் இந்தப் பெட்டியின் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். சாதாரண வண்டியில் எஞ்சினின் சக்தி கியர் பெட்டி வழியாக இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. அந்த இரண்டும் சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகவேண்டுமானால், கியர் பெட்டிக்குப் பின்னால் அதை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு நடுவர் வேண்டும். அந்த நடுவர்தான் டிரான்ஸ்பர் பெட்டி.

இந்த எண்ணம் புதியதன்று. ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903-ஆம் ஆண்டிலேயே பெட்ரோல் எஞ்சினின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பும் 60 குதிரைத்திறன் கார் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிளின்டன்வில் ஊரில் ஓட்டோ சாக்கோவ், வில்லியம் பெசர்டிக் ஆகிய இருவர் தொடங்கிவைத்த முயற்சி, எஃப்.டபிள்யூ.டி. என்ற லோரிகளாக வளர்ந்து முதல் உலகப் போரின் சேற்றில் ஓடியது.

பிறகு வந்தது ஜீப். 1940-இல் அமெரிக்க இராணுவம் ஓர் இலேசான போர்வண்டி கேட்டது. மாதிரி வண்டியைச் செய்து கொடுக்க 49 நாள் தவணை. பேண்டம் என்ற சிறு நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அவற்றில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற வார்ப்பிரும்புப் பெட்டி. அதற்கு இரண்டு நிலை. ஒன்றில் சக்தி அப்படியே போகும். மற்றதில் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கணக்காகச் சொன்னால் 1.97 மடங்கு.

போர் முடிந்தபின் அப்படிப்பட்ட ஒரு ஜீப், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் ஆங்கில்சி தீவில் ஒருவரது நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அவர் ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ். இந்த ஜீப் தேய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். போருக்குப் பின் எஃகுக்குப் பஞ்சம். ஆகவே உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். புதிய கியர் பெட்டி செய்யக் காலமில்லை. ஆகவே ரோவர் காரின் கியர் பெட்டியையே எடுத்து, அதன் பின்னால் ஒரு டிரான்ஸ்பர் பெட்டியைச் சேர்த்தார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது.

ஏழு வாரம் கழித்து

நேயர்களே, அந்தத் தேதியை மறக்காதீர்கள். அதற்குச் சரியாக ஏழு வாரம் கழித்து, 1948 ஜூன் 18-ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் முன்னர்தான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஒரு விவசாயியின் தேவைக்காகப் பிறந்த வண்டி, இங்கே போர்க்கால வண்டியாக வந்து சேர்ந்தது. இராணுவமும் போலீசும் அதில் போயின. தோட்டத் துரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு வெட்டுக் காட்டைச் சுற்றினார்கள். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. சில வட்டாரங்களில், வெட்டுக்குப் போகிறவர்கள் பகல் சோற்றைக் கையில் எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. அந்தச் சோறு காட்டுக்குப் போய்விடுமாம்! அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதிதான் முடிந்தது.

ஆகவே இந்த வண்டியைப் பற்றி நம்மவருக்கு ஒரே மாதிரி நினைவு இல்லை. என் அம்மாவுக்கு அந்த எஞ்சின் சத்தம் என்றால் சோதனைக்கு வருகிறார்கள் என்று பொருள். அப்பாவுக்கு அதுவே சம்பளம். அந்த மழை இரவில் பிறந்த பிள்ளைக்கு அதுவே உயிர். மூன்றும் உண்மைதான்.

கழற்றத் தொடங்கினேன்

இனி பட்டறைக்கு வருவோம். லேண்ட் ரோவரில் கியர் பெட்டியை எடுக்க எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. இருக்கைப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றிவிட்டால், உள்ளேயிருந்து மேலே தூக்கிவிடலாம். முதலில் எண்ணெய் வடித்தேன். டிரான்ஸ்பர் பெட்டிக்கு இரண்டரை லிட்டர் எண்ணெய். வந்ததோ தே தாரேக் நிறத்தில்! எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். எத்தனை ஆறு கடந்த வண்டியோ! அடியில் வெள்ளித்தூள்போல உலோகப் பொடியும் படிந்திருந்தது. பல் தேய்ந்திருக்கிறது.

அடுத்து என் முதல் தவறு. கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். நட்டின் முனை மழுங்கிவிட்டது. இந்தக் காலத்து லேண்ட் ரோவரில் பழைய பிரிட்டிஷ் அளவு மரையும் புதிய அளவு மரையும் கலந்து வரும். அதற்கு அதற்குரிய ஸ்பானர் வேண்டும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று எனக்கு அது அடிபட்டுத் தெரிந்தது.

முன்னும் பின்னும் செல்லும் சுழல்தண்டுகளை அவிழ்க்கும் முன், எந்தத் துளைக்கு எந்தத் துளை என்று அடையாளம் வைத்தேன். பின்பக்கத்தில் கைப்பிரேக் டிரம் இருக்கிறது. இந்த வண்டியில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின் தண்டைத்தான் பிடிக்கும். அதைக் கழற்றியபின் வேகமானியை ஓட்டும் பகுதி. அதற்கும் பெட்டிக்கும் இடையே காகிதம்போல மெல்லிய தகடுகள். அவற்றைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் கூம்பு உருளை பேரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக உட்காரவேண்டும் என்பதை நிர்ணயிப்பவை அவை. மறுபடி பூட்டும்போது தண்டில் கயிற்றைச் சுற்றி, வில்தராசால் இழுத்து, எவ்வளவு விசையில் சுழல்கிறது என்று பார்க்கவேண்டும். பால் கொட்டகையில் தராசைப் பார்த்துக்கொண்டே நின்ற நம் பெண்களை நினைத்துக்கொண்டேன். அங்கே முள் ஒரு கோடு தள்ளினால் கூலி குறையும். இங்கே தள்ளினால் பேரிங் போகும்.

இரண்டு குமிழின் இரகசியம்

முன்பக்க மூடியைக் கழற்றும்போது இரண்டாவது தவறு. கியர் மாற்றும் கம்பிகளை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்த, சிறு எஃகு குண்டும் அதன் பின்னால் ஒரு சுருள்வில்லும் இருக்கும். துணி போர்த்தாமல் கம்பியை உருவினேன். "டிங்" என்று ஒரு சத்தம். குண்டு பட்டறையில் எங்கோ போய்விட்டது. இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் என் செருப்புக்குள்ளிருந்து எடுத்தேன்!

ஆனால் அந்த மூடியைத் திறந்தபோதுதான் என் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. மஞ்சள் குமிழை அழுத்தினால், பற்கள் கொண்ட ஒரு பிடிப்பான் நகர்ந்து முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் கவ்விக்கொள்ளும். வண்டி நான்கு சக்கரத்தில் ஓடும். சிவப்புக் குமிழ் கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் வேறு பல்சக்கரம் பிடித்து வேகம் குறையும், இழுவை பெருகும். அதோடு முன்சக்கரமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் அப்பா அன்று மஞ்சளைத் தொடவே இல்லை. வண்டியை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் சிவப்பை இழுத்தார். ஓட்டத்தில் இழுத்திருந்தால் பற்கள் ஒன்றோடொன்று மோதி அரைந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தையாருக்கு இந்தப் பெட்டியின் உள்ளமைப்பு கையிலேயே தெரிந்திருந்தது.

இன்னொன்றும் விளங்கியது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் ஓடும் தூரமும் பின்சக்கரங்கள் ஓடும் தூரமும் ஒன்றாக இரா. இந்தப் பெட்டியில் அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்கும் அமைப்பு கிடையாது. மண் சாலையில் சக்கரம் சற்று வழுக்கிச் சரி செய்துகொள்ளும். தார் சாலையில் வழுக்க முடியாது. திணறல் முழுவதும் பற்களின் மேல் ஏறும். 1948-இல் வந்த முதல் வண்டிகள் எப்போதும் நான்கு சக்கரத்திலேயே ஓடின. அந்தத் திணறலைத் தவிர்க்க முன்பக்கத்துக்கு ஒரு தனி அமைப்பு வைத்திருந்தார்கள். 1950-இல் அதை நீக்கி, வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். நடுவில் விட்டுக்கொடுக்கும் அமைப்போடு எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓடும் வண்டியாக 1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தது.

இந்தச் சாதாரண அமைப்பு எவ்வளவு தூரம் போகும்? 1955 செப்டம்பர் 1-ஆம் தேதி, இரண்டு லேண்ட் ரோவர்களில் ஆறு இளைஞர்கள் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். வண்டிகளின் பெயர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். பாலைவனம், மலை, பர்மாவின் காடு எல்லாம் கடந்து 1956 மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். கேம்பிரிட்ஜ் பின்னாளில் ஈரானில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ஆக்ஸ்போர்டு பல கைமாறி, அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினா தீவில் பழுதாகிக் கிடந்து, மீட்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டு 25-ஆம் தேதி அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, 111 நாளில் லண்டனுக்குத் திரும்பிப் போனது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெசர், 1957-இல் அதைப் புத்தகமாக எழுதினார். எழுதியதால் அந்தப் பயணம் நின்றது.

அந்தப் பயணத்தை எழுதிவைக்க ஒருவர் இருந்தார். தினமும் வெட்டுக் காட்டுச் சாலையில் இதே வண்டியை ஓட்டியவர்களைப் பற்றி எழுத யார் இருந்தார்?

பெட்டிக்குள் இருந்த ஆள்

கடைசியாக நடுத்தண்டு. பெட்டியின் அடிமூடியைக் கழற்றி, தண்டைப் பின்பக்கமாக உருவினால், அதன்மேல் சுழலும் பல்சக்கரம் கீழ்வழியாகக் கையில் வந்துவிடும். அது முன்னும் பின்னும் அசையாமலிருக்க இரு பக்கமும் இரண்டு வாஷர்கள். என் வண்டியில் தண்டு துருப்பிடித்து வரவே மறுத்தது. எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, மூன்று நாள் காத்திருந்து உருவினேன். ஊசி உருளை பேரிங்குகள் குழிவிழுந்து போயிருந்தன. பல்சக்கரம் பிழைத்திருந்தது.

வாஷர்களைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்று தொழிற்சாலையில் செய்தது. மற்றொன்று அப்படி அல்ல. பித்தளைத் தகட்டில் கையால் வெட்டி, அரத்தால் ராவி, அளவுக்குக் கொண்டு வந்தது. அரத்தின் கோடுகள் ஓரத்தில் இன்னும் தெரிந்தன. அடிமூடிக்கு வைத்திருந்த கேஸ்கெட்டும் கடைச் சரக்கு அல்ல. தடித்த அட்டையில் வெட்டியது. உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு தமிழ் எழுத்து. 'மு' என்று படித்தேன். 'மு' என்றால் முன்பக்கம். திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்று யாரோ தமக்கே எழுதிக்கொண்ட குறிப்பு.

நேயர்களே, நான் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். உதிரிப்பாகம் வரும்வரை வண்டி நிற்க முடியாது என்ற நிலையில், எந்தத் தோட்டத்துப் பட்டறையிலோ ஒரு தமிழர், படிப்பும் பட்டமும் இல்லாமல், ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் ஒரு பாகத்தைக் கையால் செய்து பூட்டியிருக்கிறார். அது பல காலம் ஓடியிருக்கிறது. சம்பளப் புத்தகத்தில் அவருக்கு ஒரு எண் இருந்திருக்கும். அந்தப் புத்தகமும் இன்று இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பட்டறை இருந்த இடத்தில் எதன் வாகன நிறுத்துமிடம் இருக்கிறதோ!

அந்த வாஷரை மறுபடி பூட்டலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. அளந்து பார்த்தேன். தேய்ந்திருந்தது. பூட்டினால் பல்சக்கரம் ஆடும், கொஞ்ச நாளில் பற்கள் போகும். பக்கத்துப் பட்டறைக்காரத் தம்பி சொன்னார்: "ஐயா, பாசம் வேற, பேரிங் வேற. புதுசு போடுங்க." அவர் சொன்னதுதான் சரி. வண்டியை ஓடவைப்பதற்காக அந்த மனிதர் அந்த வாஷரைச் செய்தார். அதே வேலையை இன்று புதிய வாஷர்தான் செய்ய முடியும். புதியதைப் பூட்டினேன். பேரிங் மாற்றினேன். கேஸ்கெட்டை நானும் கையால் வெட்டினேன். அதில் 'மு' என்று எழுதினேன்.

பழைய வாஷரையும் அட்டையையும் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருக்கிறேன். கீழே பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன். எழுதத்தான் பெயர் இல்லை.

ஒரு பெயர் மட்டும் எனக்குத் தெரியும். என் தந்தையார் பெயர். அவர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த வண்டியை ஓட்டினார் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஆண்டு கேட்க அண்ணனிடம் போனேன். அண்ணனுக்கும் பாதிதான் தெரிகிறது. அப்பா இருந்தபோது கேட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் தோட்டத்து டிரைவராக, பட்டறைக்காரராக, கொல்லராக, பால் லோரிக்காரராக இருந்த பெரியவர் இன்னும் இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். ஆண்டைக் கேளுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயரைக் கேளுங்கள். யாருக்காவது பித்தளையில் வாஷர் வெட்டத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. சிவப்புக் குமிழை இழுத்தால் அதே உறுமல் கேட்கிறது.